கூடத்து வரியில் ஒரு தள்ளுபடி

எங்கள் ஊர்க் குரூப்பில் எதற்கெடுத்தாலும் ஓட்டு வைக்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தவன் நான்தான். அதற்கு முன்னால் அதில் காலை வணக்கம், சாமி படம், யார் வீட்டில் துக்கம், யாருக்கு விசா வந்தது, இவ்வளவுதான் ஓடும். ஒரு கேள்வியைப் போட்டுக் கீழே இரண்டு விடைகளை வைத்து அனுப்பினால், ஆளுக்கு ஒன்றைத் தொட்டுவிட்டுப் போகலாம் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குக் கை நிற்கவில்லை. ஊர்ச் சமுதாயக் கூடத்தைக் கண்மாய்க்கரையில் கட்டலாமா, ரோட்டோரத்திலா? ஓட்டு. கூரை காங்கிரீட்டா, தகரமா? ஓட்டு. துபாயிலும் ஷார்ஜாவிலும் மஸ்கட்டிலும் குவைத்திலும் இருக்கிற எங்கள் ஊர் ஆண்கள் டியூட்டி முடிந்து பஸ்ஸில் தூங்கி வழிந்தபடியே விரலால் தொடுவார்கள். எண்ணிக்கை ஏறும். துபாய் சத்வாவில் தையல்கடைக்கு மேலே என் ரூமில் படுத்துக்கொண்டு அது ஏறுவதைப் பார்ப்பேன். பெரிய காரியம் ஒன்று என் கையால் நடக்கிறது என்று அப்போது நிஜமாகவே நம்பினேன்.

ஊர் சிவகங்கைப் பக்கம். நல்லது கெட்டது எதுவானாலும் தெருவில் பந்தல் போட்டுத்தான் நடக்கும். போன வருட மழையில் ஒரு கல்யாணத்தில் பந்தல் பெண் வீட்டார் தலையிலேயே சரிந்து, மாப்பிள்ளை வீட்டார் ரேஷன் கடைத் தாழ்வாரத்தில் நின்றபடி சாப்பிட்டார்கள். அந்த வீடியோ வளைகுடா முழுக்கச் சுற்றியது. பஞ்சாயத்தில் கேட்டபோது, இடம் வேண்டுமானால் ஒதுக்கித் தருகிறோம், பணம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்படியானால் வரி போட்டு நாமே கட்டலாம் என்று முதலில் எழுதியவனும் நான்தான்.

வரி என்றால் அரசாங்க வரி இல்லை, தலைக்கட்டு வரி. கல்யாணமான ஆம்பளை ஒருவருக்கு ஒரு தலைக்கட்டு, ஒரு தலைக்கட்டுக்கு ஒரு வரி. கோயில் திருவிழாவுக்கு, கண்மாய் மராமத்துக்கு என்று ஊர் கூடித் தொகையை முடிவு செய்யும். பிறகு ஒரு நல்ல நாளில் ஊர் அம்பலம், அதாவது எங்கள் ஊர்த் தலைவர், இரண்டு பெரியவர்களோடு தட்டை ஏந்திக்கொண்டு வீடுவீடாக வருவார். வீட்டு வாசலில் வைத்து வெற்றிலையோடு வரியைக் கொடுக்க வேண்டும். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரியும் என்றால், அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் பஹ்ரைனில், ஈசா டவுனில் வளர்ந்தவன். அப்பாவுக்கு அங்கே ஒரு கம்பெனியில் ஸ்டோர் வேலை. பத்தாவது வரை அங்கே இந்தியன் ஸ்கூல், பிறகு கோயம்புத்தூரில் காலேஜ், இப்போது துபாயில் கட்டட அளவுக் கணக்குப் பார்க்கிற வேலை. அப்பா ஓய்வு பெற்று அம்மாவோடு ஊருக்குத் திரும்பிவிட்டார். ஊரை நான் லீவுகளில் மட்டும் பார்த்தவன். அந்தக் குறையைக் கூடம் கட்டும் கமிட்டிக்குச் செயலாளர் ஆகிச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தேனோ என்னவோ.

முதல் கூட்டத்தை ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கேரேஜ் வரிசைக்குப் பின்னால் இருக்கிற டீக்கடையில் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு முன்னால், கையில் டேப்லட்டோடு, நின்றபடியே ஒரு சிறு பிரசங்கம் செய்தேன். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இரட்டை வரி என்பதை அவர்கள் ஒத்துக்கொள்ளச் செய்வதுதான் எனக்கு முன்னால் இருந்த மலை. கிரேன் ஓட்டுகிற என் மாமா மகன் ஒருவன் இருக்கிறான், வாய் சும்மா இருக்காது.

"தலைக்கட்டே இல்லாத பய எனக்கு ரெட்ட வரி போடுறான் பாருங்கப்பா," என்றான். "மொதல்ல ஒனக்கு ஒருத்தியப் பாக்குறோம் மாப்ள. அப்பறம் நீயும் ஒரு வரியக் குடுத்துட்டு வந்து பேசு."

எல்லோரும் சிரித்தார்கள். உண்மைதான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, எங்கள் வீட்டு வரி அப்பா பெயரில். நானும் சிரித்தேன். அந்த வேகத்திலேயே இரட்டை வரியையும், வரி கொடுக்கிற வீட்டுக்கு ஒரு ஓட்டு என்ற விதியையும் நிறைவேற்றிவிட்டேன். பணத்தை இங்கே யாரும் யாரிடமும் கொடுக்கக் கூடாது என்றும் சொன்னேன். இந்த நாட்டில் அனுமதி இல்லாமல் நிதி திரட்டுவது குற்றம், நாலு பேர் சேர்ந்து வசூல் என்று உட்கார்ந்தாலே வம்பு. அவரவர் வழக்கம்போல வீட்டுக்கு அனுப்புவது, ஊரில் வாசலுக்குத் தட்டு வரும்போது வீட்டில் இருப்பவர்கள் கொடுப்பது. சட்டத்தையும் ஊர் முறையையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டதாக எனக்கு ஏகப்பட்ட பெருமை.

அன்றைக்குச் சித்தப்பா ஒரே ஒரு தடவைதான் பேசினார். சொந்தச் சித்தப்பா இல்லை, பங்காளி முறையில். அந்த வரிசையிலேயே ஒரு கேரேஜில் லாரிகளின் ஒடுக்கு நிமிர்த்தி டெண்டிங் அடிக்கிறவர். இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு காது சரியாகக் கேட்காது.

"தை பொறந்தா எம் பொண்ணுக்குப் பூ வைக்க வர்றாக," என்றார். "கூடத்துல மொத விசேசம் எங்க வீட்டுதா இருக்கட்டும்."

"மொதல்ல கூடத்தக் கட்டுவோம் மாமா," என்றான் மாமா மகன். மறுபடியும் சிரிப்பு. ஆனால் யாரும் மறுக்கவில்லை. அது அன்றைக்கே முடிவானதுபோலத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்குள் அவருடைய கேரேஜ் மூடிவிட்டது. கஃபீல், அதாவது விசா கொடுத்த அரபி முதலாளி, இடத்தை வேறு ஆளுக்குக் கைமாற்றிவிட்டுப் போனைக் கட் செய்துகொண்டார் என்று கேள்விப்பட்டேன். வேலை பார்த்த ஆட்களுக்குச் சம்பளம் இல்லை, விசாவை மாற்றவும் முடியவில்லை. புகார் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஒருநாள் வேறொரு வேலையாக அவர் தங்கியிருந்த லேபர் கேம்ப் பக்கம் போனேன். ரூமில் ஆறு கட்டில்கள். மற்றவர்கள் டியூட்டிக்குப் போயிருந்தார்கள். அவர் மட்டும் தரையில் உட்கார்ந்து ஒரு மூட்டை வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். நல்லா இருக்கியா தம்பி, கூடம் எந்த மட்டுல இருக்கு என்று அவர்தான் கேட்டார். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் என் கண்ணில் அந்த வெங்காய மூட்டைதான். இவருக்குப் போய் இரட்டை வரியா? நான் போட்ட வரி அல்லவா?

பஸ்ஸிலேயே எழுதினேன். எழுத ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. சம்பளம் இல்லாமல் சிரமப்படும் நம் சித்தப்பா வீட்டுக்குக் கூடத்து வரியைத் தள்ளுபடி செய்யலாமா? முறைப்பெயரோடு நிறுத்தவில்லை. அவருடைய முழுப் பெயர், அவர் அப்பா பெயர், கேரேஜ் மூடிய கதை எல்லாவற்றையும் சேர்த்தேன். கீழே இரண்டு விடை. செய்யலாம். வேண்டாம்.

ரோலா ஸ்டாப்பில் இறங்குவதற்குள் 'செய்யலாம்' மளமளவென்று ஏறிவிட்டது. இதயப் படங்கள், கும்பிடு போடுகிற கைகள். மனிதாபிமானம் இன்னும் சாகவில்லை என்று மஸ்கட்டிலிருந்து ஒருவர் எழுதினார். எனக்குக் கண் கலங்கியது. பிறகு பார்த்தால் 'வேண்டாம்' என்பதில் ஒன்று. ஒரே ஒன்று.

யாரோ கல்நெஞ்சுக்காரர் கை தவறி மாற்றி அழுத்திவிட்டார் என்று எழுதி, ஒரு சிரிப்புப் படத்தையும் போட்டேன். அதற்குப் பத்துப் பேர் சிரித்தார்கள். அப்புறம்தான் அது யார் என்று தொட்டுப் பார்த்தேன். யார் எதற்குப் போட்டார்கள் என்று அதில் தெரியும்.

சித்தப்பா.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். எனக்கு அது அவருடைய பெருந்தன்மையாகத்தான் பட்டது. சித்தப்பா, கூச்சப்பட வேண்டாம், இது ஊரின் கடமை என்று எழுதினேன். அதுவும் அவருக்குத் தனியாக இல்லை, எல்லோரும் பார்க்கிற குரூப்பில். அவர் ஒன்றும் எழுதவில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். முடிவைப் படம் பிடித்து ஊர் அம்பலத்துக்கு அனுப்பிவிட்டுத் தூங்கினேன். நல்ல தூக்கம்.

வரி எடுத்த நாளில் அம்மா போன் செய்தாள். நான் ஆபீஸில் இருந்தேன். வழக்கமாகச் சாப்பாட்டு நேரம் பார்த்துத்தான் கூப்பிடுவாள், அன்று அதெல்லாம் பார்க்கவில்லை.

"வரி எடுக்க வந்தாகடா," என்றாள். "நம்ம வீட்ல வாங்குனாக, அடுத்த வீட்ல வாங்குனாக. ஒஞ் சின்னம்மா குளிச்சு, கோலம் போட்டு, கையில வெத்தலையும் பணமுமா வாசல்ல நிக்கிறா. அவ மொகத்தக்கூடப் பாக்காமத் தாண்டிப் போய்ட்டாக. அய்யா, வரி வாங்கிக்கிருங்கன்னு பின்னாடியே ஓடுறா. ஒங்க வீட்டுக்கு வரி கெடையாதுத்தா, வெளிநாட்டுல முடிவு பண்ணிட்டாகங்கிறாரு அம்பலம். நீதான் எழுதிக் குடுத்தியாமே?"

நான் விளக்க ஆரம்பித்தேன். பணம் இல்லாதவர்களிடம் வாங்கக் கூடாது, அதுதான் நியாயம், எல்லா நாட்டிலும் அப்படித்தான் என்றேன். நான் முடித்ததும், வரியில் இல்லாத வீடு என்றால் என்னவென்று உனக்கு யாருமே சொல்லவில்லையா என்று மட்டும் கேட்டாள். அவள் கேட்ட தொனியில், சொல்லியிருக்க வேண்டியவள் தான்தானே என்ற குற்ற உணர்வும் கலந்திருந்தது.

அன்று அவள் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊரில் ஒரு வீட்டைத் தண்டிக்க வேண்டுமென்றால் யாரும் அடிப்பதில்லை, திட்டுவதில்லை. அந்த வீட்டில் வரி வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். அவ்வளவுதான். வரி வாங்காத வீட்டுக்குக் கோயிலில் தேங்காய் உடைத்துத் தர மாட்டார்கள். வெற்றிலை வைத்து அழைக்க மாட்டார்கள். சாவு விழுந்தால் தூக்க ஆள் வராது. நிலத் தகராறில் ஊருக்கு எதிராகச் சாட்சி சொன்ன ஒரு வீட்டுக்கு அப்படிச் செய்திருக்கிறார்கள். அந்த வீட்டுப் பெரியவர் செத்தபோது சிவகங்கையிலிருந்து கூலிக்கு ஆள் பிடித்து வந்தார்களாம். வரி கட்ட முடியாத வீடு என்று எப்போதும் உண்டு. அவர்கள் கடன் சொல்வார்கள், தாமதமாகக் கொடுப்பார்கள், பாதியைக் கொடுத்து மீதியை அறுப்புக்குத் தருகிறேன் என்பார்கள். அதிலெல்லாம் ஒரு குறைச்சலும் இல்லை. தட்டு வாசலில் நின்றதா இல்லையா என்பதுதான் விஷயம். பெண் பார்க்க வருகிறவர்கள் விசாரிக்கிற முதல் விஷயமும் அதுதான். வரி இருக்கிற வீடுதானா?

"தையில பூ வைக்க வர்றாக," என்றாள் அம்மா. "அவுக காதுக்கு இந்நேரம் போயிருக்கும்."

இதெல்லாம் தெரிந்தவர்கள் குரூப்பில் எத்தனையோ பேர் இருந்தார்களே, அவர்கள் ஏன் 'செய்யலாம்' என்பதைத் தொட்டார்கள்? மாமா மகனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நீ படிச்சவன், ஊர்ல கலந்து பேசிட்டுத்தான் போட்டுருப்பன்னு நெனச்சேன் மாப்ள," என்றான். வேறு இரண்டு பேரும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்கள். இளவட்டங்களுக்கு என்னைப் போலவே ஒன்றும் தெரியவில்லை. 'வேண்டாம்' என்று தொட்டால் ஏழைக்கு இரங்காதவன் என்று பேர் வருமே என்று பயந்ததாக ஒருவர் ஒத்துக்கொண்டார். அப்படிப் பயப்படும்படி ஒரு நக்கலை எழுதிவைத்தவன் நான். 

ஞாயிற்றுக்கிழமை கேம்புக்குப் போனேன். அதற்கு முன்னால் மூன்று தடவை அவருக்குப் போன் செய்துவிட்டு, மணி அடிக்கும் முன்பே கட் செய்திருக்கிறேன். அன்று அவர் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். ரூமில் எல்லோருக்கும் சமையல் அவர்தான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மெஸ் காசு கொடுக்க முடியாததற்குப் பதிலாக அதை எடுத்துக்கொண்டிருக்கிறார். அது யாரும் ஓட்டுப் போட்டு முடிவு செய்ததில்லை. கட்டில்களில் மூன்று நான்கு பேர் படுத்திருந்தார்கள். நான் நுழைந்ததும் எல்லோரும் போனைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

"உக்காரு தம்பி," என்றார்.

உட்கார்ந்து, என் நோக்கம் என்ன, நான் என்ன நினைத்தேன், எது எனக்குத் தெரியாமல் போனது என்று கோர்வையாகச் சொன்னேன். வரும் வழியில் தயார் செய்தது. கேட்கிற காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"எனக்கு முடியலன்னு ஒன்ட்ட சொன்னனா?"

"இல்ல சித்தப்பா."

"அப்பறம் யாரக் கேட்டுப் போட்ட?"

"எல்லாரையும் கேட்டுத்தான்…"

"என்னைய?"

அவர் பூண்டுப் பல்லின் தோலை ஊதித் தள்ளினார்.

"நானுந்தான் ஓட்டுப் போட்டேன். ஒண்ணு. பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டு என்ன எழுதுன?"

அதை நான் வாயால் சொல்ல வேண்டும் என்று அவர் காத்திருந்தார். கூச்சப்பட வேண்டாம் என்று எழுதினேன் என்று சொன்னேன். மேல் கட்டிலில் ஒருவர் இருமினார். சித்தப்பா கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"சம்பளம் இல்லாமக் கெடக்குறதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. இந்த ரூம்ல எல்லாரும் ஒருநாள் அப்பிடிக் கெடந்தவந்தான். வரிக்குன்னு ஒஞ் சின்னம்மா ரெண்டு வெள்ளாட்ட வித்து வச்சுருந்தா. நான் சொல்லல, அவளாத்தான் செஞ்சா. வரி இல்லாத வீடுன்னு ஆயிருச்சுன்னா எங்கிட்டுப் போயிப் பொண்ணக் குடுக்க?"

இன்னொரு ஓட்டு வைத்து இன்றைக்கே மாற்றிவிடுகிறேன் என்று போனை எடுத்தேன். எடுத்தே விட்டேன். என் கை அப்படிப் பழகியிருந்தது.

"எம் பேர இன்னொரு தடவ அதுல போடாத," என்றார். அவ்வளவு மெதுவாகச் சொன்னார். நான் போனைப் பைக்குள் வைத்தேன்.

அம்பலத்திடம் பேசினேன். கெட்ட மனிதர் இல்லை. என்னைத் தம்பி என்றும் நீங்க என்றும்தான் பேசுவார். இனிமேல் எல்லாம் ஓட்டு என்று சொன்னதே நீங்கள்தானே என்றார். ஒரே ஒரு ஓட்டைத் தவிர எல்லாம் ஒரு பக்கம் விழுந்திருக்கிறது, நம் ஊர் இவ்வளவு ஒற்றுமையாக எதற்கு நின்றிருக்கிறது, நான் ஒருத்தன் எப்படி மாற்ற முடியும் என்றார். அதில் ஒரு துளி கேலி இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பிறகு வழியையும் அவரே சொன்னார். வரியை விட்டுப் போன வீடு மறுபடி வரிக்குள் வர ஒரு முறை இருக்கிறது. வீட்டு ஆள் ஊர்க் கூட்டத்தில் வந்து, ஊருக்கு முன்னால் விழுந்து கும்பிட்டுக் கேட்க வேண்டும். ஊர் சரி என்றதும் வரியை அங்கேயே வாங்கிக்கொள்வார்கள். சித்தப்பா இங்கே இருப்பதால் சின்னம்மா வர வேண்டும்.

ஒரு பெண் தெருமண்ணில் விழுவதா, எந்தத் தப்பும் செய்யாதவர் எதற்கு விழ வேண்டும் என்று வாதாடினேன். நிலத் தகராறு வீட்டையும் இந்த வீட்டையும் ஒன்றாக வைக்கலாமா என்றேன். மூன்று நாள் விடாமல் பேசினேன். கடைசியில் அவர் இறங்கிவந்தார். விழ வேண்டாம், நின்று கும்பிட்டால் போதும். படிச்ச பிள்ளைக கேக்குறீக, சரி என்றார். எனக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. சித்தப்பாவுக்குப் போன் செய்து, விழ வேண்டியதில்லை, பேசி முடித்துவிட்டேன் என்றேன். "ம்" என்றார். இந்தத் தடவையும் அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன். சின்னம்மாவை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது, கூடத்துக்காக ரோட்டோரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுவைத்திருந்த இடத்தில். நான் கேம்ப் ரூமில் சித்தப்பா கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வீடியோ காலுக்கென்று இங்கே ஓடுகிற செயலியில் படம் நின்று நின்று வந்தது. அந்தப் பக்கம் அம்மா போனைப் பிடித்திருந்தாள். நாற்காலிகளில் ஏழெட்டுப் பெரியவர்கள், பின்னால் நின்றுகொண்டு பெண்கள். எங்கள் ஊரில் இப்போது கூட்டம் என்றால் அப்படித்தான், ஆண்கள் எல்லோரும் போனுக்குள் இருக்கிறோம்.

சின்னம்மா தட்டோடு முன்னால் வந்தார். புதுச்சேலை இல்லை, துவைத்து மடிப்பு வைத்த பச்சைச் சேலை. சித்தப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அம்பலம் தொண்டையைச் செருமினார். "வெளிநாட்டுத் தம்பிக கேட்டுக்கிட்டாக. அதுனால விழ வேணாம்த்தா. நின்னு கும்பிட்டுட்டு வரியக் குடுத்துரு."

சின்னம்மா கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். படம்தான் நின்றுவிட்டதோ என்று நான் போனைத் தட்டினேன். அப்புறம் குரல் கேட்டது.

"மத்தவுகளுக்கு என்ன மொறையோ அதே மொறையா எங்களுக்கும் இருக்கட்டும்யா. தள்ளுபடி ஒண்ணும் வேணாம்."

தட்டைக் கீழே வைத்தார். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, முட்டி போட்டு, பிறகு முழுதாக விழுந்தார். நெற்றி தரையில் பட்டது. படம் ஆடி, வானம் தெரிந்து, மறுபடி தரைக்கு வந்தது. எழுந்தபோது சின்னம்மாவின் பச்சைச் சேலையில் மார்பிலிருந்து முட்டி வரை சுண்ணாம்பு. கூடத்துச் சுவர் வரப்போகிற கோட்டின் மேல் விழுந்திருக்கிறார். தட்டிவிடவில்லை. அப்படியே தட்டை எடுத்து நீட்டினார். அம்பலம் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வெற்றிலை கொடுத்தார்கள். அடுத்த நிமிடம் மணல் விலை பற்றிப் பேச்சு ஆரம்பித்துவிட்டது.

யாரையும் யார் முன்னாலும் விழச் சொல்வது தப்பு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். எந்தக் கூட்டத்திலும் அதைச் சொல்வேன். ஆனால் அன்றைக்கு அவர் நின்று கும்பிட்டுவிட்டு வந்திருந்தால், முறைப்படி வராத வீடு என்று நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லலாம். பூ வைக்க வருகிறவர்கள் அதைக் கேட்கலாம். அந்த வார்த்தைக்கு இடம் வைத்துப் பேரம் பேசி முடித்தவன் நான். அதையும் ஒரு சாதனையாக அவருடைய கணவரிடம் போனில் சொல்லியிருக்கிறேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த எனக்கு முகம், காது எல்லாம் எரிந்தது. சித்தப்பா பக்கம் திரும்ப முடியவில்லை. எதிர்ச் சுவரில் காயப் போட்டிருந்த யாருடைய யூனிஃபாரத்தையோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா போனைக் கொண்டுபோய்ச் சின்னம்மா கையில் கொடுத்துவிட்டாள். முகம் மிகப் பக்கத்தில் வந்தது. நெற்றியில் குங்குமத்துக்கு மேல் மண்.

"சாப்புட்டியா?" என்றார் சித்தப்பா.

"இனிமேத்தான். வரி குடுத்தாச்சு."

"பாத்தேன்."

"பிள்ள பக்கத்துல இருக்கானா?"

என்னைத்தான். சித்தப்பா போனை என் பக்கம் திருப்பினார். சின்னம்மா என்னைப் பார்த்து, நல்லா இருக்கியாப்பு, இளைச்சுப் போயிட்டியே என்றார். நான் ஏதோ சொன்னேன். மன்னிப்பாக ஆரம்பித்து, வெயிலைப் பற்றி எதுவோவாக முடிந்தது. அவர் அதற்கும் சிரித்தார்.

கிளம்புகிறேன் என்றபோது, இரு, டீ குடிச்சுட்டுப் போ என்று சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டார். முதல் கூட்டம் போட்டோமே, அதே கடை. வழியில் அவருடைய பழைய கேரேஜ் ஷட்டரில் வேறு பெயர் எழுதிக்கொண்டிருந்தார்கள், நின்று எழுத்தைப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு டீ சொன்னார். குடித்து முடித்ததும் என் கை தானாகப் பேண்ட் பைக்குள் போனது. அவருக்குச் சம்பளம் இல்லையே, நான் கொடுப்பதுதானே முறை என்று விரல் நோட்டைத் தொட்டபோதுதான் அவர் என் கையைப் பார்ப்பது தெரிந்தது.

கையை வெளியே எடுத்தேன். வெறுங்கையாக. அவர் சட்டைப் பையிலிருந்து சில்லறையை எடுத்து மேசைமேல் வைத்தார்.